தன் கையால் ஒரு வாய்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் காலை ரயிலுக்கு ஓடுகிற பெண்களில் பாக்கியவதியைத் தெரியாதவர்கள் இல்லை. பெங்களூரில் ஒரு கூரியர் கம்பெனி ஆபீசில் அவளுக்கு வேலை. பல வருஷமாக அதே ரயில், அதே பெட்டி. பங்காருப்பேட்டை தாண்டியதும் டப்பாக்கள் திறக்கும். அவளுடைய டப்பா மட்டும் இரண்டு ஆள் சாப்பிடுகிற அளவுக்குப் பெரிசாக இருக்கும். புளிச்சோறோ தக்காளிச்சோறோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முன்பின் தெரியாதவளாக இருந்தாலும், "ஒரு வாய் துன்னு பாரு" என்று உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். வேண்டாம் என்று சொன்னால் கோபம் வரும்.

ஒரு மழைநாள் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து அவள் ஏறி வந்த ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. கூட வந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பாக்கியவதிக்குக் கழுத்து முறிந்தது. ரோட்டோரத்தில் மல்லாந்து கிடந்தபோது வலியே இல்லை என்று அவள் பிற்பாடு சொல்வாள். டப்பா எங்கே போய் விழுந்தது என்று தலையைத் திருப்பிப் பார்க்க நினைத்ததும், முடியாமல் போனதும்தான் அவளுக்கு ஞாபகம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் இருந்தாள். கால்கள் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். கைகள் பாதி வந்தன. தோளைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டை மேலே நிமிர்த்தலாம். அதற்கப்பால் விரல்கள் எதற்கும் மடங்கவில்லை. கட்டைவிரல் பக்கம் தொட்டால் தெரியும். சுண்டுவிரல் பக்கம் ஊசியால் குத்தினாலும் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவளுக்கு மூன்று பேர் ஊட்டினார்கள்.

விடிகாலையில் புருஷன் இன்பராஜ். கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். முதல் ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். ஊட்டும்போது அவன் கண் சுவர்க்கடிகாரத்தில் இருக்கும். மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய் உதட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். ராத்திரிச் சோறு மகள் லவினாவின் பொறுப்பு. காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் ஃபோன். திரையில் ஏதாவது வந்துவிட்டால் சோற்றுக்கை பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிடும். பாக்கியவதி வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். பிறகு மூடிக்கொள்வாள்.

மத்தியானம், சுரங்கக் குடியிருப்பில் அடுத்த லைனிலிருந்து எல்லம்மா வருவாள். யாரும் கூப்பிடாமல், முதல் வாரமே தானாக வந்து நின்றவள். "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவாள். சாப்பாடு ஆகவில்லை என்று அவளுக்கே தெரியும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் கேட்பாள்.

"இன்னாமே வேணும்? கொயம்பா, பொரியலா?"

அவள் ஒருத்திதான் அப்படிக் கேட்டாள். மற்ற இரண்டு பேர் கையிலும், அடுத்த வாயில் என்ன வருகிறது என்று வாய்க்குள் போன பிறகுதான் பாக்கியவதிக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்திருப்பார்கள். அப்பளம் ஊறிப்போய் வரும். சூடு அதிகம் என்றால் வாயைத் திறந்து ஊதத்தான் முடியும். மோவாயில் வழிந்ததை அவர்களாகப் பார்த்துத் துடைக்கும்வரை அது வழிந்துகொண்டே இருக்கும். போதும் என்று சீக்கிரமாகச் சொல்லப் பழகினாள். தண்ணீரும் குறைத்துக்கொண்டாள். வருஷம் திரும்புவதற்குள் கன்னம் ஒட்டிப்போய், இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்து, மறுபடியும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"புண்ணுக்கு மருந்து நாங்க போடறோம். ஆற வைக்கிறது சோறுதான். ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சில்வியா என்கிற பெண் வந்தாள். முடங்கின கைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. கட்டிலோரம் உட்கார்ந்து, கையைத் தூக்கச் சொன்னாள், வாய்வரைக்கும் கொண்டுபோகச் சொன்னாள்.

"கை வாய்க்கு வருதே அக்கா. பிடிக்கத்தான் முடியல. பிடிக்காமலே சாப்பிடலாம், இருங்க."

மறுநாள் ஒரு தோல்பட்டை கொண்டுவந்தாள். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டுவது. உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருந்தது. அந்தப் பையில் ஸ்பூனின் காம்பைச் செருகினால், விரல் மடங்க வேண்டியதில்லை. கை போகிற இடத்துக்கு ஸ்பூனும் போகும். ஸ்பூனின் கழுத்தைப் பக்கவாட்டில் வளைத்திருந்தார்கள், வாயைப் பார்த்துத் திரும்பி நிற்கிற மாதிரி.

"ஸ்பூன்ல துன்னு பழக்கமில்ல சிஸ்டர். எங்க வூட்ல பாயாசத்துக்குத்தான் ஸ்பூனு," என்றாள் பாக்கியவதி.

"பாயாசம்னே நெனச்சுக்கங்க."

முதலில் பொரியில் ஆரம்பித்தார்கள். தட்டிலிருந்து அள்ளி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். பொரி மேஜையில் சிதறியது, மடியில் சிதறியது, கிண்ணத்தில் மட்டும் விழவில்லை. தோள் கடுத்தது. கோபத்தில் கையை வீசித் தட்டையே கீழே தள்ளினாள். சில்வியா குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி மறுபடியும் மேஜையில் வைத்தாள். பொரி போய் உதிர்த்த இட்லி வந்தது. கடைசியில் ஒருநாள் குழைந்த தயிர்சோறு.

ஸ்பூன் தட்டின் விளிம்பை ஒட்டிப் போய், கொஞ்சம் அள்ளி, நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. பாக்கியவதி கழுத்தை முன்னால் நீட்டினாள். பாதி மேல்துணியில் விழுந்தது, மீதி வாய்க்குள் போயிற்று. உப்புக் கம்மி. உப்புக் கம்மி என்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற இன்பராஜ் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போனவன், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சில்வியா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"சாப்பிட்டு முடிச்ச உடனே பட்டையைக் கழட்டிடணும். கழட்டி, கையைத் திருப்பிப் பாக்கணும். சுண்டுவிரல் பக்கம் அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. பட்டை அழுத்தினாலும் தெரியாது. கண்ணாலதான் கண்டுபிடிக்கணும். செவப்பா இருந்தா மறுபடி கட்டக்கூடாது."

இன்பராஜ் தலையாட்டினான். பாக்கியவதியும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. இன்பராஜ் ஒரு எவர்சில்வர் தட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் உயரமாகத் தகடு வளைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். சோற்றை அந்தச் சுவரில் ஒட்டித் தள்ளினால் தானாக ஸ்பூனில் ஏறிக்கொள்ளும். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. எந்தச் சாப்பாடு தனக்கு அடங்கும், எது அடங்காது என்று பாக்கியவதி கற்றுக்கொண்டாள். களி நல்லபிள்ளை, ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு வாய்வரை அசையாமல் வரும். சாம்பார் சோறு கெட்டியாக இருந்தால் வரும். ரசத்தை விட்டுவிட வேண்டியதுதான். மீன் ஆசை வந்தால் யாராவது முள் எடுத்து வைக்க வேண்டும். உப்பு இல்லை, காரம் தூக்கல் என்று பழையபடி குறை சொன்னாள். பொரியலை முதலில் தின்று தீர்த்துவிட்டுக் குழம்புக்கு வந்தாள். உடம்பு தேறியது, புண் மூடியது.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தபோது சக்கர நாற்காலியில் அழைத்துப்போனார்கள். ஆராதனை முடிந்து பந்தியில் உட்கார்ந்து, பிரியாணியை அவளே அள்ளிச் சாப்பிட்டாள். பக்கத்திலிருந்த பெண் மனசு கேட்காமல் "நான் ஊட்றேன் குடு" என்று ஸ்பூனைப் பிடித்தபோது, "உடுங்க" என்று போட்ட சத்தத்தில் பந்தியே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது. பாக்கியா இப்போது தன் கையாலேயே சாப்பிடுகிறாள். தெரிந்தவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உண்மையான சந்தோஷம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக விலகினார்கள்.

லவினாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கட்டிலில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் மடங்காத விரல்களை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டே பேசினாள்.

"டெய்லி ட்ரெயின்ல போய்ட்டு வர முடியாதும்மா. ஷிஃப்ட் முடிய லேட்டாவும். அங்கயே பி.ஜி.ல தங்கிக்கிறேன். நீதான் இப்ப நீயே சாப்டுக்கிறியே."

"போ," என்றாள் பாக்கியவதி. வேறென்ன சொல்ல முடியும்? அந்தப் பெண்ணுக்கு இருபத்தோரு வயசு.

பிறகு எல்லம்மா. பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு லைனிலிருந்து பெண்களை எடுத்தார்கள். சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"உனுக்கு இனிமே நான் இன்னாத்துக்குமே? தட்டு வச்சா நீயே துன்னுக்குற. ராஜாத்தி கணக்கா கீற."

எல்லம்மா சிரித்தாள். பாக்கியவதியும் சிரித்தாள். உன் கையால் சாப்பிடுவது வேறு, நீ வந்து உட்கார்வது வேறு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஊட்டாதே ஊட்டாதே என்று அத்தனை பாடுபட்டவள், இப்போது எந்த முகத்தோடு அதைச் சொல்வாள்?

அதன் பிறகு பகல் இப்படி ஆயிற்று. இன்பராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் அவளை எழுப்பி, துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, மேஜைக்கு முன்னால் தள்ளிவிடுவான். காற்று வீசினால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வரும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவான். தட்டில் மத்தியானச் சோறு, மேலே ஒரு மெல்லிய துணி. அதை அவள் பல்லால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். குழாய் போட்ட தண்ணீர் பாட்டில். கடைசியாகப் பட்டையைக் கையில் கட்டி, ஸ்பூனைச் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவான். தானே கட்டிக்கொள்ளவோ கழற்றவோ அவளால் முடியாது. விடியும்முன் கட்டினது அவன் திரும்பும்வரை கையில் இருக்கும். வாயில் ஒரு பேச்சுக்கூட இல்லாமல் ஆறின சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பட்டை தளர்ந்து ஸ்பூன் பையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. நாற்காலிச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. பாக்கியவதி அதைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். முதல் வாய்கூட உள்ளே போகவில்லை. வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் தட்டுக்குள் கவிழ்த்தாள்.

இன்பராஜ் வந்தபோது அவள் புருவத்தில் சோற்றுப்பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னா ஆச்சு பாக்கியா?"

"ஸ்பூனு உயுந்துட்ச்சு. நாய் மாரி துன்னேன்."

அவன் துணியை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டான். மறுநாள் பட்டையைத் தன்னோடு வேலைக்கு எடுத்துப்போனான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒட்டுகிற நாடா இருந்த இடத்தில் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஒன்றை வைத்து அடித்துத் தைத்திருந்தான். உள்ளே ஸ்பூன் ஆடாமலிருக்க ஒரு சின்னப் பித்தளைத் தகடு.

"இனிமே இது கயலாது பாரு," என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

கழலவேயில்லை. அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஸ்பூன் விழவில்லை.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் வேலை நெருக்கடி. இன்பராஜ் ஓவர்டைம் முடித்து இருட்டிய பிறகுதான் வந்தான். ராத்திரிச் சோறும் அதே பட்டையோடு முடிந்த பிறகுதான் பக்கிளை அவிழ்ப்பான். ஒருநாள் அவிழ்த்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே சிவந்திருந்தது. பட்டைத் தோலின் சாயம் இறங்கியிருக்கும் என்று நினைத்தான். துடைத்தும் போகவில்லை.

"செவப்பா கீது. நாளைக்குக் கட்டாத உட்டுடவா?"

பாக்கியவதி கையைப் பார்த்தாள். அது அவளுக்கு வலிக்கவில்லை. நாளைக்குக் கட்டவில்லை என்றால் நாள் முழுக்கத் தட்டுக்கு முன்னால் வெறும் கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் முகத்தைக் கவிழ்க்க வேண்டும்.

"ஒண்ணும் இல்ல. கட்டுங்க," என்றாள்.

அடுத்த நாள் அடியில் ஒரு துணி வைத்துக் கட்டினான். பிறகு தோல் உரிந்தது. மருந்து தடவி, பஞ்சு வைத்து, அதற்கு மேல் கட்டினான். ஒவ்வொரு விடிகாலையும் அவன் கேட்டான், ஒவ்வொரு விடிகாலையும் அவள் கட்டச் சொன்னாள். சில்வியாவுக்கு ஃபோன் போடலாம் என்று இருவருக்குமே தோன்றியது. போட்டால் கட்டாதே என்பாள் என்றும் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்திருக்கும் என்று இன்பராஜ் ஞாயிற்றுக்கிழமை பீரோவை நகர்த்திப் பார்த்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குக் குளிரெடுத்தது. போர்த்திவிட அவள் கையைத் தூக்கியவன், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டான்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதை ஒட்டின உள்ளங்கை ஓரத்தையும் எடுத்தார்கள். சீழ் மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. கையே போயிருக்க வேண்டியது என்றார்கள். ஜுரம் விட்ட பிறகு சில்வியா வந்தாள். இன்பராஜ் பையிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் பக்கிளைத் தடவிப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள்.

"இத யார் போட்டது?"

"நான்தாம்மா."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள் சில்வியா. இன்பராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர்," என்றாள் பாக்கியவதி. "டெய்லி கேட்டுட்டுத்தான் கட்டினாரு. நான்தான் கட்டச் சொன்னேன்."

காயம் ஆற மாசங்கள் ஆயின. லீவு போட்டு லவினா வந்து ஊட்டினாள். இந்தமுறை ஃபோனை எடுக்கவேயில்லை. ஒவ்வொரு வாயையும் பார்த்துப் பார்த்து, துடைத்துத் துடைத்து ஊட்டினாள். பாக்கியவதிக்கு அதுவும் தாங்கவில்லை. லீவு முடியப் போகிற நேரத்தில் லவினா சொன்னாள்.

"நான் வேலைய விட்டுட்றேம்மா. இங்கயே இருந்து உன்னப் பாத்துக்குறேன்."

"ஒரு வேள சோத்துக்கு உன் வேலையா?"

"நான் போனதாலதானே இப்படி ஆச்சு."

"யார் போனதாலயும் ஆவல." பாக்கியவதி மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ இங்க உக்காந்து ஊட்னா எனக்கு ஒரு வாயும் எறங்காது லவி. எனக்காக ஒருத்தி பாழாப் போனான்னு நெனச்சிக்கினே முழுங்கணும். போ. போய் உன் வேலயப் பாரு."

லவினா அழுதாள். ஆனால் போனாள். போவாள் என்று பாக்கியவதிக்குத் தெரியும். போக வேண்டும் என்றுதான் சொன்னாள். இருந்தும், கதவு சாத்தின சத்தம் கேட்டபோது, இன்னும் ஒரு தடவை மறுத்துப் பேசியிருக்கலாமே என்று நினைத்தாள். எல்லம்மாவால் வேலையை விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

சில்வியா புதிதாக ஒரு பட்டை செய்து கொடுத்தாள். உள்ளே மெத்தென்ற துணி, நான்கு விரல் கைக்கு அளவெடுத்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்தான் கட்ட வேண்டும், சாப்பிட்டதும் அவிழ்த்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பக்கத்தில் ஆள் இருப்பது காலையிலும் ராத்திரியிலும்தான்.

அதனால் இப்போது பாக்கியவதிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. ராத்திரி இன்பராஜ் எதிரில் தட்டோடு உட்காருகிறான். அவன் சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருப்பதில்லை. கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்து, அவள் கடைசிப் பருக்கையைத் தட்டின் சுவரில் ஒட்டித் தள்ளி எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு பட்டையை அவிழ்த்து, கையைக் குழல்விளக்குக்குக் கீழே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறான். பார்த்ததையே மறுபடியும் பார்க்கிறான். அவள் போதும் என்றாலும் விடுவதில்லை.

மத்தியானத்தில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை சாத்தின ஜன்னலைத் தாண்டி வருகிறது. அவள் மணிக்கட்டால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உள்ளறைக்குப் போய்விடுகிறாள்.

உடம்பு மறுபடியும் இளைக்கத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் சில்வியா ஃபோனில் கேட்டாள். இன்பராஜ்தான் ஃபோனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் என்னக்கா சாப்பிடறீங்க?"

"களிதான் சிஸ்டர்," என்றாள் பாக்கியவதி. "பக்கத்து வூட்டம்மா வந்து கூட உக்காந்துக்குவாங்க."

சில்வியா சந்தோஷப்பட்டாள். இன்பராஜ் ஃபோனை வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய், விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தான்.